கனிஷ்கா: உடல் கிடைக்காத 198 பேரை நாற்பது ஆண்டு நினைவில் வைத்திருப்பது எப்படி? – ஒரு நிகழ்வு ஆய்வு

1985 ஜூன் 23 அன்று, கனடாவிலிருந்து இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த ஏர் இந்தியா 182 'கனிஷ்கா' விமானம் பெட்டியில் வைத்த குண்டு வெடித்து நடுவானில் சிதறியது. 329 பேர் இறந்தார்கள். கரைக்கு வந்தவை 131 உடல்கள். மீதி 198 பேர் அயர்லாந்துக்குத் தென்மேற்கே அட்லாண்டிக் கடலின் அடியில், ஏறத்தாழ 2,000 மீட்டர் ஆழத்தில் இருக்கிறார்கள். ஏர் இந்தியா 182 பற்றி எதை எழுதினாலும் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். காரியம் செய்ய உடல் இல்லை, போய் நிற்கக் கல்லறை இல்லை, கரைக்கச் சாம்பல் இல்லை. அந்த நிலையில் ஒரு குடும்பம் இறந்தவரை எங்கே வைத்து நினைப்பது? அந்தக் குடும்பங்கள் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுப் பெற்றவை மூன்று: நிற்க ஓர் இடம், நினைக்க ஒரு நேரம், கல்லில் ஒரு பெயர். எதுவும் தானாக வந்து சேரவில்லை. அயர்லாந்தில் அவை ஓராண்டில் கிடைத்தன. கனடாவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இந்த இடைவெளி ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் விஷயம்.

அன்று நடந்தது

விமானம் போயிங் 747, பதிவு எண் விடி-இஎஃப்ஓ, பெயர் 'எம்பரர் கனிஷ்கா'. 1985 ஜூன் 22 மாலை டொரண்டோவிலிருந்து கிளம்பி, மான்ட்ரியலின் மிராபெல் நிலையத்தில் இறங்கி ஏறி, லண்டன் வழியாக டெல்லிக்கும் பம்பாய்க்கும் போக வேண்டியது. 307 பயணிகள், 22 ஊழியர்கள். கனடாவில் பள்ளி விடுமுறை தொடங்கும் நேரம் என்பதால் தாத்தா பாட்டியைப் பார்க்கப் புறப்பட்ட பிள்ளைகள் நிறையப் பேர். 13 வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும் 80க்கு மேல்.

ஜூன் 23, கிரீன்விச் நேரம் காலை 7.14. 31,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானம் ஷானன் கட்டுப்பாட்டு அறையின் ரேடார் திரையிலிருந்து மறைந்தது. அபாய அழைப்பு எதுவும் வரவில்லை. அதற்கு 55 நிமிடங்களுக்கு முன், டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்தில் பாங்காக் செல்லும் இன்னொரு ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்ற வேண்டிய பெட்டி ஒன்று தரையிலேயே வெடித்தது. சுமை தூக்கும் ஜப்பானியத் தொழிலாளர்கள் இருவர் இறந்தார்கள். இரண்டும் ஒரே சதி, இரண்டு பெட்டிகளும் வான்கூவரில் ஏற்றப்பட்டவை. ஆகவே இறந்தவர்கள் 331 பேர் என்று எழுதுவதுதான் சரி. 329 என்பது விமானத்தில் இருந்தவர்களின் எண்ணிக்கை. இந்தியப் பத்திரிகைகள் பெரும்பாலும் அந்த இரண்டு தொழிலாளர்களை விட்டுவிடுகின்றன. அவர்களுக்கும் வீடும் குடும்பமும் இருந்தன.

கனடிய விசாரணைகளில் திரும்பத் திரும்ப வரும் மூன்று எண்களை இங்கே குறிப்பிட வேண்டும். கணவன், மனைவி, பிள்ளைகள் என முழுதாக அழிந்த குடும்பங்கள் 29. துணையையும் எல்லாப் பிள்ளைகளையும் இழந்து தனியாளாக மிஞ்சியவர்கள் 32 பேர். பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரையும் இழந்த தம்பதிகள் 7. நினைவுகூரல் என்ற வேலைக்கு இந்த எண்கள் ஏன் முக்கியம் என்றால், அழிந்துபோன 29 வீடுகளின் சார்பில் கூட்டத்துக்கு வரவும் மனுவில் கையெழுத்துப் போடவும் அந்த நாட்டில் ஆளே இல்லை. அவர்களுடைய அண்ணன் தம்பிகளும் தாய் தகப்பனும் பல ஆயிரம் மைல் தள்ளி இந்தியாவில் இருந்தார்கள். அரசுக் கடிதங்கள் போன முகவரியிலோ பூட்டிய வீடு.

கார்க்: முதல் வாரம்

கடலில் மிதந்த சிதறல்களையும் உடல்களையும் முதலில் கண்டது 'லாரன்ஷியன் ஃபாரஸ்ட்' என்ற சரக்குக் கப்பல். அதன் மாலுமிகளும், அயர்லாந்துக் கடற்படையின் 'ஆஷ்லிங்' கப்பலில் இருந்தவர்களும், பிரிட்டிஷ் ஹெலிகாப்டர் குழுக்களும் நாள் முழுக்க உடல்களை எடுத்தார்கள். எல்லாம் கார்க் நகரின் வட்டார மருத்துவமனைக்குப் போயின.

மரபணுப் பரிசோதனையால் உடலை அடையாளம் காணும் வசதி அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. முகம், பற்கள், கைரேகை, தழும்பு, உடுப்பு, நகை இவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதில் சிக்கல் எங்கே வரும் என்பது இப்படியான பேரிடர்களைக் கையாண்டவர்களுக்குத் தெரியும். சிறு குழந்தைகளுக்குப் பல் மருத்துவரின் பதிவு இருக்காது, கைரேகைப் பதிவும் இருக்காது. முழுக் குடும்பமும் போயிருந்தால் குழந்தையின் சட்டை எது, தழும்பு எங்கே என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. தூரத்து உறவினர் காட்டும் புகைப்படம் இரண்டு மூன்று வருடம் பழையதாக இருக்கும். வளரும் பிள்ளைக்கு அந்த இரண்டு வருடம் முகத்தையே மாற்றிவிடும். இதற்கிடையில், தேடி வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தங்களவர் கரைக்கே வரவில்லை என்ற உண்மை ஒவ்வொரு நாளாகத்தான் தெரிந்தது.

அந்த வாரத்தில் அயர்லாந்துக்காரர்கள் நடந்துகொண்ட விதம்தான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம். செவிலியர்களும் காவலர்களும் ஊர்க்காரர்களும் குடும்பங்களோடு கூடவே இருந்தார்கள், வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டார்கள், கடலோரம் கூட்டிப் போனார்கள். பல ஆண்டுகள் கழித்துக் கனடிய ஆணையத்தின் முன் பேசிய குடும்பத்தினர் பலரும் அந்நிய நாட்டில் கிடைத்த அந்தப் பரிவையும் சொந்த நாட்டில் கிடைக்காத ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னார்கள்.

அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. இறந்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் கனடியக் குடிமக்கள். ஆனால் கனடியப் பிரதமர் பிரையன் மல்ரோனி தொலைபேசியில் இரங்கல் சொன்னது இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்திக்கு. ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் வரி கட்டி வாழ்ந்தவர்களின் சாவு வேறொரு நாட்டின் துக்கமாகக் கணக்கில் வைக்கப்பட்டது. பதவிகளும் சட்டங்களும் வருவதற்கு முன், யாருக்கு இரங்கல் சொல்கிறோம் என்பதிலேயே ஒரு நாடு யாரைத் தன்னவர் என்று எண்ணுகிறது என்பது தெரிந்துவிடுகிறது. அந்தத் தொலைபேசி அழைப்பைக் குடும்பங்கள் இன்றுவரை மறக்கவில்லை.

அஹாகிஸ்டா

கார்க் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் ஷீப்ஸ் ஹெட் தீபகற்பம், டன்மானஸ் விரிகுடாவின் ஓரத்தில் அஹாகிஸ்டா என்ற சிற்றூர். விமானம் விழுந்தது நிலத்திலிருந்து 190 கிலோமீட்டர் அளவில் தள்ளி நடுக்கடலில். அந்த நீர்ப்பரப்பை நோக்கி ஒரு குடும்பம் நிற்கக்கூடிய பக்கத்துக் கரைகளில் ஒன்று இது. 1986 ஜூன் 23, முதலாண்டு நினைவு நாளிலேயே இங்கே நினைவுத் தோட்டம் திறக்கப்பட்டது. கார்க்கைச் சேர்ந்த சிற்பி கென் தாம்சன் வடித்த நிழற்கடிகாரம் நடுவில் இருக்கிறது. இறந்தவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஜூன் 23 காலையில் கூடுவது அன்று முதல் வழக்கம்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிரீன்விச் 7.14 என்பது அயர்லாந்தின் கோடைக்காலக் கடிகாரத்தில் 8.14, டொரண்டோவில் பின்னிரவு 3.14, வான்கூவரில் நள்ளிரவு தாண்டி 14 நிமிடம், இந்தியாவில் பகல் 12.44, டோக்கியோவில் மாலை 4.14. எல்லா ஊரிலும் தேதி ஜூன் 23 தான் என்பது ஒரு சின்ன ஆறுதல். பன்னாட்டு விபத்துகளில் இறந்த தேதியே ஊருக்கு ஊர் மாறிப்போவதுண்டு. ஆனால் விடியற்காலை மூன்றே கால் மணிக்குப் பூங்காவில் கூட்டம் கூட்ட முடியாது. அதனால் கனடிய நகரங்களில் நிகழ்ச்சி மாலையிலோ பகலிலோ நடக்கிறது. சரியான நிமிடத்தில் கடலைப் பார்த்து நிற்பது அயர்லாந்தில் மட்டுமே முடிகிறது. கடல் கடந்து அங்கே போகச் செலவழிப்பவர்கள் அந்த நிமிடத்துக்காகத்தான் போகிறார்கள்.

நிழற்கடிகாரம் காட்டுவது சூரிய நேரத்தை. அஹாகிஸ்டா கிரீன்விச்சுக்கு மேற்கே ஒன்பதரை பாகைக்குச் சற்று மேல் இருப்பதாலும், கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பதாலும், திருத்தம் செய்யாத எந்த நிழற்கடிகாரமும் அந்த ஊரில் ஜூன் மாதத்தில் கைக்கடிகாரத்தைவிட ஏறக்குறைய 1 மணி 40 நிமிடம் பின்தங்கும். காலை 8.14க்கு நிழல் ஆறரையை ஒட்டி நிற்கும். நிழலை வைத்து நிமிடத்தைத் தேடுபவர்கள் ஏமாறாமல் இருக்க இது தெரிந்திருப்பது நல்லது. மேகம் மூடும் நாளிலோ நிழலே விழாது.

இந்துக் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து தகனம் செய்யும் வழி சாஸ்திரத்தில் இருக்கிறது. ஆண்டுத் திதி ஆனி மாத வளர்பிறையில் வரும். அது ஜூன் 23ஓடு ஒட்டி வரும் ஆண்டுகள் குறைவு, ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை முன்னும் பின்னும் நகரும். ஆகவே ஒரே வீட்டில் இரண்டு நாள்: வீட்டுக்குள் திதி, வெளியே ஊரறிய ஜூன் 23. விமானத்தில் சீக்கியர்கள், கிறித்தவர்கள், முஸ்லிம்கள் உட்படப் பல சமயத்தவர் இருந்ததால், பொது நினைவுகூரலுக்குத் தேதியை எடுத்துக்கொண்டதுதான் எல்லோரையும் ஒரே இடத்தில் சேர்த்தது. பொது நிகழ்ச்சியில் எல்லாச் சமயங்களின் வழிபாடும் வருகிறது, அல்லது எதுவும் வராமல் மௌனம் மட்டும் இருக்கிறது. இடையில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் மனத்தாங்கல் வரும்.

பெட்டி எப்படி ஏறியது

குடும்பங்களின் துக்கத்தில் ஆறாத பகுதி இதுதான். 'தடுத்திருக்கலாம்' என்று தெரிந்த சாவு வேறு வகை. அதனால் இதைப் படிப்படியாகச் சொல்ல வேண்டும்.

ஜூன் 20 அன்று வான்கூவரில் இரண்டு பயணச்சீட்டுகளுக்குரிய 3,005 டாலர் ரொக்கமாகக் கட்டப்பட்டது. ஜூன் 22 காலை 'எம். சிங்' என்ற பெயரில் வந்தவர் டொரண்டோ செல்லும் கனடியன் பசிபிக் விமானத்தின் முகப்பில் நின்றார். டொரண்டோவிலிருந்து மேலே போகும் ஏர் இந்தியா விமானத்தில் அவருக்கு இருக்கை உறுதியாகவில்லை, காத்திருப்புப் பட்டியல்தான். அந்த நிலையில் பெட்டியை டொரண்டோ வரைதான் ஏற்க வேண்டும். அவர் வற்புறுத்தினார், பின்னால் வரிசை நீண்டது, முகப்பு ஊழியர் பெட்டியை டெல்லி வரைக்கும் குறித்துவிட்டார். பெட்டி போயிற்று, ஆள் ஏறவில்லை. 'எல். சிங்' என்ற இன்னொருவரின் பெட்டி இதே வகையில் டோக்கியோ விமானத்தில் போயிற்று.

டொரண்டோவில் அந்தப் பெட்டிக்குரிய பயணி வந்தாரா என்று ஒத்துப்பார்க்கும் முறை நடக்கவில்லை. ஏறியவர்களின் எண்ணிக்கையையும் ஏற்றிய பெட்டிகளின் உரிமையாளர்களையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பது கணினிகூட வேண்டாத வேலை, காகிதமும் நேரமும் போதும். ஆள் இல்லாத பெட்டியைக் கீழே இறக்குவதுதான் விதி. அதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

எக்ஸ்-ரே இயந்திரம் அன்று பிற்பகல் பழுதானது. அதற்குப் பதில் பிடி-4 என்ற கையடக்க வெடிபொருள் மோப்பக் கருவியைப் பயன்படுத்தினார்கள். கருவியின் திறனைப் பற்றி முன்பே ஐயம் இருந்தது. அது என்ன ஒலி எழுப்பினால் என்ன செய்வது என்று பணியாளர்களுக்குத் தெளிவாகச் சொல்லித்தரப்படவும் இல்லை. டொரண்டோவில் காவல்துறையின் மோப்ப நாய்கள் பயிற்சிக்காக வான்கூவர் போயிருந்தன. மிராபெலில் சந்தேகத்தின் பேரில் மூன்று பெட்டிகளை எடுத்துத் தனியே வைத்தார்கள். அவற்றில் இருந்தவை இஸ்திரிப்பெட்டி, வானொலி, தலைமுடி உலர்த்தி. அவை திறக்கப்படுமுன்பே விமானம் கிளம்பிவிட்டது, நாய் வந்து சேர்ந்ததும் அதற்குப் பிறகுதான்.

இவையெல்லாம் விமான நிலையத்துக்குள் நடந்தவை. வெளியே இன்னும் பெரிய தவறுகள். தனிநாடு கேட்ட சீக்கியத் தீவிரவாத அமைப்பான பப்பர் கால்சாவின் தலைவரும், சந்தேகத்துக்குரிய முதல் ஆளுமான தல்விந்தர் சிங் பர்மாரைக் கனடிய உளவு அமைப்பு முன்பே பின்தொடர்ந்துகொண்டிருந்தது. 1985 ஜூன் 4 அன்று வான்கூவர் தீவில் டங்கன் ஊருக்கு அருகே காட்டுக்குள் அவரும் இந்தர்ஜித் சிங் ரேயத்தும் இன்னொருவரும் போனார்கள். பெரிய வெடிச்சத்தம் கேட்டது. பின்தொடர்ந்த அதிகாரிகள் அதைத் துப்பாக்கிச் சத்தம் என்று குறித்தார்கள். புகைப்படக் கருவி கையில் இல்லை. அந்த மூன்றாவது ஆள் யார் என்ற கேள்வி நாற்பது ஆண்டு தொடர்ந்தது. ஜூன் 1 தேதியிட்டு, நேரம் வைத்து வெடிக்கும் குண்டு பற்றி எச்சரித்து ஏர் இந்தியா அனுப்பிய தந்தியும் உரியவர்களிடம் போய்ச் சேரவில்லை.

நீதிமன்றம் தந்ததும் தராததும்

துப்பு கிடைத்தது நடுக்கடலில் அல்ல, நரிட்டாவின் சிமென்ட் தரையில். அங்கே சிதறிய துண்டுகளை ஜப்பானியக் காவல்துறை பொறுமையாகச் சேகரித்து ஒரு சான்யோ வானொலி டியூனரின் மாதிரி வரைக்கும் போனது. அந்த மாதிரியை டங்கனில் வாங்கியவர் ரேயத் என்று நிரூபணமானது. 1991இல் நரிட்டா சாவுகளுக்காக அவருக்குப் பத்தாண்டு. 2003இல் 182க்காகக் கொலை அல்லாத மரணக் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐந்தாண்டு. நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சி சொன்னதற்காக 2011இல் ஒன்பதாண்டு. 331 சாவுகளுக்குத் தண்டனை பெற்றவர் இவர் ஒருவரே.

பர்மார் 1992இல் பஞ்சாபில் போலீஸ் கையால் இறந்தார். ரிபுதமன் சிங் மாலிக், அஜய்ப் சிங் பாக்ரி இருவர் மீதான இதே சதி வழக்கு வான்கூவரில் 2003 ஏப்ரலில் தொடங்கியது. 2005 மார்ச் 16 அன்று நீதிபதி இயன் ஜோசப்சன் இருவரையும் விடுவித்தார். உளவு அமைப்பு பர்மாரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டுப் பதிந்த நாடாக்களில் 150க்கும் மேற்பட்டவை வழக்கமான நடைமுறை என்ற பெயரில் அழிக்கப்பட்டிருந்தன. அதை ஏற்க முடியாத அலட்சியம் என்று அதே நீதிபதி கண்டித்தார். வழக்குக்கு முக்கியச் சாட்சியாக வந்திருக்கக்கூடிய பத்திரிகையாளர் தாரா சிங் ஹேயர் 1998இல் தன் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கொடுத்திருந்த வாக்குமூலம் அவரோடு சேர்ந்து பயனற்றுப்போனது. அவரும் சீக்கியர். இந்தக் குற்றத்தை ஒரு சமூகத்தின் தலையில் ஏற்றுபவர்கள் விமானத்தில் இறந்த சீக்கியர்களையும், உண்மை சொல்லத் துணிந்து உயிர்விட்ட இவரையும் மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

நினைவுகூரலுக்கும் வழக்குக்கும் உள்ள தொடர்பு வெளியாட்களுக்குச் சட்டென்று தெரியாது. வழக்கு நடக்கும்வரை பொருள்கள் சாட்சிப்பொருள்கள். கடலிலிருந்து எடுத்த விமானத் துண்டுகளைச் சாரம் கட்டி வான்கூவர் பகுதிக் கிடங்கு ஒன்றில் பொருத்தி நிறுத்தியிருந்தார்கள். நீதிபதியே போய்ப் பார்த்தார். துக்கம் காக்கும் வீட்டில் 'வழக்கு முடியட்டும்' என்ற சொல் பதினெட்டு இருபது ஆண்டு ஓடியது. முடிந்தபோது கிடைத்தது விடுதலைத் தீர்ப்பு. தீர்ப்பில் குடும்பங்கள் எதிர்பார்த்தது தண்டனையை மட்டுமல்ல, நடந்தது இதுதான் என்று நாடு ஒரு முறை வாய்விட்டுச் சொல்வதை. அது வராததால்தான் அவர்கள் பொது விசாரணை கேட்டு நின்றார்கள்.

ஆணையம்: முதலில் குடும்பங்கள்

அரசு நியமித்த ஒன்டாரியோ மாகாண முன்னாள் முதல்வர் பாப் ரே 2005 நவம்பரில் அளித்த ஆலோசனை அறிக்கைக்குப் பின், 2006 மே மாதம் ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் மேஜர் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. (பிரிட்டிஷ் பிரதமராக இருந்த அதே பெயர்க்காரர் வேறு. தமிழில் வந்த செய்திகளில் இந்தக் குழப்பம் எளிதில் நேரும்.)

ஆணையம் எடுத்த ஒரு முடிவை இதே வேலையைச் செய்ய நினைக்கும் எவரும் பின்பற்றலாம். அதிகாரிகளையும் நிபுணர்களையும் அழைப்பதற்கு முன், 2006 செப்டம்பரில், குடும்பத்தினரைப் பேசவிட்டது. மீட்புப் பணி செய்தவர்களும் பேசினார்கள். அதை மட்டும் தனி அறிக்கையாக 'குடும்பங்கள் நினைவுகூர்கின்றன' என்ற பொருள்படும் தலைப்பில் 2007இல் வெளியிட்டது. இந்த வரிசையால் மூன்று பலன். இறந்தவர்கள் யார், என்ன வேலை செய்தார்கள், எதற்காக அந்த விமானத்தில் ஏறினார்கள் என்பது அரசின் பதிவேட்டில் முதல் தடவையாக ஏறியது. பின்னால் வந்த அதிகாரிகள் அந்தப் பேச்சுகளைக் கேட்ட அவையின் முன் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. மூன்றாவது, வயதான சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே பேசிவிட்டார்கள். முதலில் தொழில்நுட்ப விசாரணை, கடைசியில் குடும்பங்கள் என்று வைத்திருந்தால் நான்கு ஆண்டு தள்ளிப்போயிருக்கும்.

2010 ஜூன் 17 அன்று ஐந்து தொகுதிகளில் இறுதி அறிக்கை வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்த தவறுகள்தான் இந்தக் கொலைக்கு வழிவிட்டன என்றும், கனடிய வரலாற்றின் மிகப் பெரிய கூட்டுக்கொலை இது என்றும் அது சொன்னது. குடும்பங்களை அரசு பின்னர் நடத்திய விதத்தையும் கண்டித்தது. ஆறு நாள் கழித்து, 25ஆம் ஆண்டு நினைவு நாளில், டொரண்டோ நினைவிடத்தில் நின்று பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் மன்னிப்புக் கேட்டார். இறந்த பிள்ளைகளின் பெற்றோர் சிலர் அதற்குள் காலமாகிவிட்டார்கள்.

கனடாவின் கற்கள்

அரசுத் தரப்பு அசைந்தது 2005க்குப் பிறகுதான். அந்த ஆண்டு பால் மார்ட்டின் அஹாகிஸ்டா போனார். கனடியப் பிரதமர் ஒருவர் அங்கே கால்வைக்க இருபது ஆண்டு ஆகியிருந்தது. ஜூன் 23 பயங்கரவாதத்துக்குப் பலியானவர்களின் தேசிய நினைவு நாள் என்று அறிவிக்கப்பட்டது. 2007இல் டொரண்டோவின் ஹம்பர் பே பூங்காவிலும் வான்கூவரின் ஸ்டான்லி பூங்காவிலும் நினைவிடங்கள் திறந்தார்கள். ஒட்டாவாவிலும் மான்ட்ரியலின் லஷீனிலும் பின்னர் எழுந்தன.

ஒவ்வொன்றின் அமைப்பும் ஏதோ ஒன்றைச் சொல்கிறது. டொரண்டோவில் நிழற்கடிகாரத்தின் பீடத்தில் கனடாவின் எல்லா மாகாணங்களின் கற்களும், இறந்தவர்களின் நாடுகளிலிருந்து வந்த கற்களும் பதிந்திருக்கின்றன. பெயர் பொறித்த சுவர் அயர்லாந்தின் திசையை நோக்கி நிற்கிறது. வான்கூவர் நினைவிடம் குழந்தைகள் விளையாடும் இடத்தோடு சேர்ந்தது. இறந்தவர்களில் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தெரிந்தவர்களுக்கு அது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெயர் பொறிப்பதில் வரும் சிக்கல்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கல்லில் ஏறிய தவற்றைப் பிறகு அழிக்க முடியாது. விமானப் பயணிகள் பட்டியல் பெயர்ப்பட்டியல் ஆகாது. அதில் இருப்பது சீட்டு எழுதியவர் தட்டச்சு செய்த ஆங்கில எழுத்துகள். நம்மவர்களுக்கு இது இன்னும் சிக்கல்: தகப்பன் பெயரின் முதலெழுத்து குடும்பப் பெயராக மாறியிருக்கும், கணவன் பெயரும் தகப்பன் பெயரும் மனைவிக்கு மாறி மாறி வரும், ஒரே வீட்டில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் கடைசிப் பெயர் வேறாக இருக்கும். அகரவரிசைப்படி பொறித்தால் தாயும் குழந்தையும் சுவரின் இரண்டு முனைக்குப் பிரிந்துபோவார்கள். ஆகவே குடும்பம் குடும்பமாகச் சேர்ப்பதா, அகரவரிசையா என்பதைச் சிற்பியிடம் கொடுப்பதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் உறவினர் ஒருவரின் கையெழுத்து வாங்க வேண்டும். முழுக் குடும்பமும் போன வீடுகளுக்கு அந்தக் கையெழுத்தைத் தேடி இந்தியாவுக்குக் கடிதம் போட வேண்டும், பதில் வர மாதங்கள் ஆகும் என்று கணக்கில் வைக்க வேண்டும். ஊழியர்களின் பெயர்களைத் தனியே ஒதுக்கக் கூடாது. 22 பேர் அவர்கள், அதே விமானத்தில் அதே நிமிடத்தில் இறந்தவர்கள்.

மங்குவது எங்கே

கல் இருந்தும் நாடு மறக்கிறது. 2023இல் ஆங்கஸ் ரீட் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் கனடியர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்த நிகழ்வைப் பற்றி அதிகம் தெரியாது அல்லது எதுவுமே தெரியாது என்று வந்தது. 35 வயதுக்குக் குறைந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கேள்விப்பட்டதே இல்லை. பூங்காவில் கல் வைப்பதும் பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கம் வைப்பதும் வேறு வேறு வேலை, இரண்டாவது சரிவர நடக்கவில்லை.

சிலர் தங்கள் கலைக்குள் அந்த நினைவைக் கொண்டுபோனார்கள். கணவரையும் இரண்டு மகள்களையும் இழந்த பரதநாட்டியக் கலைஞர் லதா படா அந்த இழப்பையே மேடையில் ஆடும் படைப்பாக்கினார். அரசு அறிக்கையின் ஐந்து தொகுதிகளைப் படிக்காதவரும் ஒரு மணி நேர ஆட்டத்தைப் பார்ப்பார். கல்விக்கூடங்களில் ஹாமில்டன் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 182க்கான ஆவணக் காப்பகத்தைக் கட்டுவதில் இறங்கியிருக்கிறது. முதல் தலைமுறை எண்பதைத் தாண்டிவிட்டதால் இது அவசரம்.

வீட்டில் இருப்பதை எப்படிக் கொடுப்பது என்பதையும் சொல்லிவிடலாம். புகைப்படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், உறவு, ஊர், ஆண்டு எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வரும். ஒட்டும் பிளாஸ்டிக் தாள் ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள், பக்கத்தோடு கொடுங்கள். கடிதத்தை அதன் உறையோடு வையுங்கள், தபால் முத்திரைதான் தேதிக்குச் சான்று. ஒலிநாடா இருந்தால் போட்டுப்போட்டுக் கேட்காமல் முதல் தடவையே கணினிக்கு மாற்றிவிடுங்கள். 1985க்கு முந்தைய நாடாவில் இருக்கும் குரல் இன்னொரு முறை கிடைக்காது. கடலிலிருந்து வந்த உடுப்பையோ நகையையோ துவைக்காமல், துலக்காமல், அமிலமில்லாத காகிதத்தில் சுற்றித் தனிப்பெட்டியில் வையுங்கள். கொடுக்கும்போது யாருக்குப் பார்க்க அனுமதி, எந்த ஆண்டு வரை மூடி வைக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

2025 ஜூன் 23, நாற்பதாம் ஆண்டு. அஹாகிஸ்டாவில் அயர்லாந்துப் பிரதமர் மீஹால் மார்ட்டினும், இந்திய அமைச்சர் ஹர்தீப் சிங் பூரியும், கனடாவின் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் கேரி ஆனந்தசங்கரியும் குடும்பங்களோடு நின்றார்கள். அதற்குப் பதினொரு நாள் முன்புதான் அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்திருந்தது. அந்த நாள்களை ஒட்டிக் கனடியக் காவல்துறை ஒன்றைச் சொன்னது: 1985 ஜூன் 4 அன்று டங்கன் காட்டுக்குள் பர்மாரோடு போன மூன்றாவது ஆள் யாரென்று கண்டறிந்துவிட்டோம், அவர் எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமலே இறந்துவிட்டார், தனியுரிமைச் சட்டப்படி பெயரை வெளியிட முடியாது. குடும்பங்கள் அந்தப் பெயரை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.